பெட்டி தாம்பரம் வந்தாச்சு. கேம் மட்டும் ஏன் இன்னும் வெளிநாட்டிலேயே இருக்கிறது?

சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் ஒரு ஃபிளாட். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. அமெரிக்காவின் டல்லஸில் வேலை பார்க்கும் அத்தை பையன் முந்தின வாரம் லீவுக்கு வந்தபோது கொடுத்துவிட்டுப் போன நின்டெண்டோ ஸ்விட்ச் மேஜை மேல் இருக்கிறது. வாங்கிக்கொண்டவர் மெப்ஸில் வேலை செய்யும் 26 வயது இளைஞர். வாரம் முழுக்க ஷிஃப்ட். இன்றைக்குத்தான் பெட்டியைப் பிரிக்க நேரம் கிடைத்தது.

முதல் தடங்கல் சார்ஜர். அமெரிக்கத் தட்டைப் பின், நம்ம ஊர் சாக்கெட்டில் உட்காராது. கீழே இறங்கி எலெக்ட்ரிக்கல் கடையில் ஒரு கன்வர்ட்டர் பின் வாங்கி வந்தாயிற்று. இரண்டாவது, ஆன்லைன் கடை. இந்தியாவை நாடாகப் போட்டால் கடை திறக்கவில்லை. அமெரிக்கா என்று மாற்றினால் கடை திறக்கிறது, ஆனால் இந்திய டெபிட் கார்டை ஏற்கவில்லை. அமெரிக்க கிஃப்ட் கார்டு ஒன்றை எப்படியோ வாங்கிப் போட்டு, ஏற்கெனவே நகரத்துக் கடை ஒன்றில் வாங்கி வைத்திருந்த கேமுக்கான கூடுதல் பகுதியை, அதாவது டிஎல்சியை, டவுன்லோடு செய்தால் கேம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கார்ட்ரிட்ஜ் ஐரோப்பியப் பதிப்பு. டிஎல்சி அமெரிக்கப் பதிப்பு. இரண்டும் சேராது.

டல்லஸுக்கு போன் போகிறது. அங்கே சனிக்கிழமை இரவு பதினொன்றரை. “டேய், எனக்கு இங்க எல்லாம் நல்லாத்தானே ஓடுது?” என்கிறார் அத்தை பையன். “உனக்கு ஓடும்ணா. நீ அங்க இருக்கே.”

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால் குரோம்பேட்டை, மேடவாக்கம், பெருங்களத்தூர் என்று எந்தப் பகுதியில் கேம் ஆடும் இளைஞர்களைக் கேட்டாலும், இதில் ஏதாவது ஒரு வரியையாவது தங்கள் கதையாகச் சொல்வார்கள். வெளிநாட்டில் சொந்தக்காரர் இல்லாத தெரு தென்சென்னைப் புறநகரில் குறைவு. பெட்டி மீனம்பாக்கத்தில் இறங்குகிறது, கிரீன் சேனலைத் தாண்டுகிறது, ஜிஎஸ்டி ரோடு வழியாக வீட்டுக்கு வருகிறது. காசு கொடுத்து வாங்கிய பொருள், கையில் இருக்கிறது. ஆனால் அது வேலை செய்யலாமா என்று முடிவு செய்யும் அதிகாரம் மட்டும் வெளிநாட்டிலேயே தங்கிவிடுகிறது. ஏன் இப்படி?

அந்தக் காலப் பூட்டு: கண்ணுக்குத் தெரிந்தது

வெளிநாட்டு கேமை வீட்டில் ஓட வைக்கும் போராட்டம் புதிதல்ல. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி கடற்கரை ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே பர்மா பஜார். பர்மாவில் இருந்து திரும்பிய தமிழர்கள் 1969இல் தொடங்கிய அந்தக் கடை வரிசை, ஒரு தலைமுறைக்கு வெளிநாட்டு எலெக்ட்ரானிக்ஸ் பொருட்களின் வாசலாக இருந்தது. 90களின் பிள்ளைகள் ‘டிவி கேம்’ என்று சொன்ன பெட்டி, பெரும்பாலும் ஜப்பானின் ஃபேமிகாம் இயந்திரத்தைப் பார்த்துச் செய்த நகல். அதன் கார்ட்ரிட்ஜில் 60 பின். அதே நின்டெண்டோ நிறுவனம் அமெரிக்காவில் என்இஎஸ் என்ற பெயரில் விற்ற இயந்திரத்தின் கார்ட்ரிட்ஜில் 72 பின். அமெரிக்க மாமா ஆசையாகக் கொண்டுவந்த கேம் நம்ம வீட்டுப் பெட்டிக்குள் நுழையவே நுழையாது.

நுழைந்தாலும் அடுத்த சிக்கல் டிவி. இந்தியா பயன்படுத்தியது பால் முறை: நொடிக்கு 50 ஹெர்ட்ஸ், 625 வரிகள். அமெரிக்காவும் ஜப்பானும் என்டிஎஸ்சி முறை: 60 ஹெர்ட்ஸ், 525 வரிகள். அந்த ஊர் இயந்திரத்தை நம்ம பழைய டிவியில் மாட்டினால் படம் கறுப்பு வெள்ளையாக வரும், இல்லாவிட்டால் மேலும் கீழும் உருளும். 60க்கு எழுதிய கேமை அப்படியே 50இல் ஓட்டினால் வேகம் சுமார் 17 சதவீதம் குறையும். ஓடுகிறவன் நடப்பான், பாட்டு இழுத்துக்கொண்டு போகும்.

மூன்றாவது மின்சாரம். அமெரிக்காவில் 120 வோல்ட், ஜப்பானில் 100, இங்கே 230. அமெரிக்க பிளேஸ்டேஷன் 2இன் முதல் மாடல்களும், எக்ஸ்பாக்ஸ் 360இன் அமெரிக்க பவர் பிரிக்கும் அந்த ஊர் மின்சாரத்துக்கு மட்டுமே செய்யப்பட்டவை. ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சுவரில் சொருகினால் ஒரு சத்தம், கொஞ்சம் கருகல் வாடை, கதை முடிஞ்சது.

இவற்றில் பெரும்பாலானவை நாடுகளுக்கு இடையே இருந்த தொழில்நுட்ப வித்தியாசம். ஆனால் அதோடு நிறுவனங்கள் வேண்டுமென்றே போட்ட பூட்டும் இருந்தது. பிளேஸ்டேஷன் 2 வேறு பிராந்திய டிஸ்க்கை ஏற்காது. அதற்காகவே கடைகளில் ‘சிப் போடுவது’ ஒரு தொழிலாக வளர்ந்தது. சிப் போட்ட இயந்திரத்தில் நகல் டிஸ்க்கும் ஓடியது. காசு கொடுத்து ஒரிஜினல் வாங்கியவருக்குத் தடை, நகல் போட்டவருக்குத் தடையில்லை என்ற விசித்திரம் அப்போதே தொடங்கிவிட்டது.

இருந்தாலும் அந்தப் பூட்டில் ஒரு நேர்மை இருந்தது. பெட்டியின் மேலேயே ‘பால்’ அல்லது ‘என்டிஎஸ்சி’ என்று அச்சிட்டிருப்பார்கள். படிக்கத் தெரிந்தவர் ஏமாற மாட்டார்.

இந்தக் காலப் பூட்டு: கண்ணுக்குத் தெரியாதது

இன்றைக்கு மேலோட்டமாகப் பார்த்தால் பிரச்சினையே இல்லை என்று தோன்றும். எச்டிஎம்ஐ வந்த பிறகு பால், என்டிஎஸ்சி சண்டை ஓய்ந்தது. ஸ்விட்ச் சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். பிளேஸ்டேஷன் 4, 5 கேம் டிஸ்குகளுக்குப் பிராந்தியப் பூட்டு இல்லை. 2011இல் வந்த நின்டெண்டோ 3டிஎஸ் பூட்டப்பட்டிருந்தது. 2017இல் வந்த ஸ்விட்ச்சில் எந்த நாட்டு கார்ட்ரிட்ஜும் ஓடும். ‘ரீஜன் ஃப்ரீ’ என்று கடைக்காரர் சொல்வது பொய்யில்லை.

ஆனால் பாதி உண்மை. பூட்டு போகவில்லை, டிஸ்க்கில் இருந்து அக்கவுண்டுக்கு இடம் மாறிவிட்டது.

பிளேஸ்டேஷனில் அக்கவுண்ட் தொடங்கும்போது கொடுக்கும் நாட்டைப் பிறகு மாற்ற முடியாது என்பது சோனியின் விதி. இந்திய அக்கவுண்டில் வாங்கும் டிஎல்சி, துபாயிலோ அமெரிக்காவிலோ வாங்கிய டிஸ்க்கோடு சேரும் என்று உத்தரவாதம் இல்லை. டிஸ்க் எந்தப் பிராந்தியமோ, டிஎல்சியும் அந்தப் பிராந்தியக் கடையில் இருந்தே வர வேண்டும். ஸ்விட்ச்சிலும் இதே கதைதான். கேம் ஓடும், அதன் மீதிக்கதை ஓடாது.

நின்டெண்டோவைப் பொறுத்தவரை இந்தியருக்கு இன்னொரு சுவர். ஸ்விட்ச் இங்கே அதிகாரப்பூர்வமாக விற்கப்படுவதில்லை, இந்தியாவுக்கான ஈஷாப்பும் இல்லை. ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ கிடைப்பதெல்லாம் கிரே மார்க்கெட் சரக்கு. அமெரிக்காவையோ ஜப்பானையோ நாடாகக் காட்டித்தான் கடைக்குள் போக வேண்டும். அந்த வாசலும் சுருங்கி வருகிறது. 2025 மார்ச் 25 முதல், வெளிநாட்டில் வழங்கப்பட்ட கிரெடிட் கார்டுகளையும் பேபாலையும் ஜப்பான் ஈஷாப் ஏற்பதை நிறுத்திவிட்டது. மிச்சம் இருப்பது கிஃப்ட் கார்டு. அதில் மீதிப் பணம் இருக்கும்போது அக்கவுண்டின் நாட்டை மாற்றப் போனால் அதுவும் தடங்கல்.

2025 ஜூன் 5 அன்று வெளியான ஸ்விட்ச் 2 இன்னும் சில அடுக்குகளைச் சேர்த்தது. ஜப்பானில் மட்டும் குறைந்த விலைக்கு விற்கப்படும் ஒரு மாடல், ஜப்பானிய மொழியில் மட்டுமே இயங்கும், ஜப்பான் அக்கவுண்டோடு மட்டுமே சேரும். விலையைப் பார்த்து டோக்கியோ நண்பரிடம் சொல்லி வாங்கியவருக்கு அதிர்ச்சி நிச்சயம். அடுத்தது ‘கேம் கீ கார்டு’. பார்க்க கார்ட்ரிட்ஜ் போலவே இருக்கும், உள்ளே கேம் இருக்காது. அது ஒரு சாவி மட்டும். கேமை இன்டர்நெட்டில் இருந்து இறக்க வேண்டும், ஆடும்போது கார்டையும் சொருகியிருக்க வேண்டும். இடம் போதாமல் பழைய மெமரி கார்டைப் போடலாம் என்றால், ஸ்விட்ச் 2 கேம்களுக்கு மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற புது வகைதான் வேண்டும்.

இறக்குவதும் லேசு இல்லை. 100 ஜிபி அளவுள்ள கேம் என்றால், 100 எம்பிபிஎஸ் இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலும் இரண்டே கால் மணி நேரம். 40 எம்பிபிஎஸ் என்றால் ஐந்தரை மணி. மாதாந்தரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்கு கரண்ட் போய் இரண்டு மணிக்கு வரும் நாளில் என்றால், ஆடுவது அடுத்த ஞாயிறுதான்.

சினிமா டிஸ்க்கின் கதை இன்னும் வேடிக்கை. ப்ளூரேயில் இந்தியா சி மண்டலம், வளைகுடா நாடுகள் பி, சிங்கப்பூரும் அமெரிக்காவும் ஏ. துபாயில் வாங்கிய பிளேஸ்டேஷனில் இந்திய கேம் டிஸ்க் ஓடும். மண்டலப் பூட்டு போட்ட இந்திய சினிமா டிஸ்க் ஓடாது. ஒரே இயந்திரம், ஒரே துளை, இரண்டு நியாயம்.

நிறுவனங்கள் சொல்லும் காரணம் என்ன?

அவர்கள் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு நாட்டிலும் விநியோக ஒப்பந்தம் வேறு, வயதுச் சான்றிதழ் வேறு, மொழி வேறு. எல்லாவற்றையும்விட முக்கியம், விலை. ஸ்டீம் தளம் 2015 நவம்பரில் இந்தியாவுக்கு ரூபாயில் விலை வைக்கத் தொடங்கியது. பல கேம்கள் அமெரிக்க விலையைவிட இங்கே குறைவு. அந்தக் குறைந்த விலையை லண்டனில் இருப்பவரும் எடுத்துக்கொள்ள முடிந்தால், நிறுவனம் இந்திய விலையையே ஏற்றிவிடும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. அர்ஜென்டினாவிலும் துருக்கியிலும் விலை குறைவு என்று வேறு நாட்டுக்காரர்கள் அந்த நாடுகளைக் காட்டி வாங்கி வந்தார்கள். 2023 நவம்பரில் ஸ்டீம் அந்த இரண்டு நாடுகளின் பணத்தைக் கைவிட்டு டாலர் விலைக்கு மாறியது. நாணய மதிப்பு நிலையாக இல்லை என்பது நிறுவனம் சொன்ன காரணம். எந்தக் காரணமாக இருந்தாலும், சுமை விழுந்தது அந்த ஊர் இளைஞர்கள் தலையில்.

எனவே விலைக்காக விற்பனை இடத்தில் எல்லை போடுவதை ஏற்றுக்கொள்ளலாம். இந்திய விலைக்கு வாங்க இந்தியாவில் இருக்க வேண்டும் என்பது புரிகிற விதி. ஆனால் டல்லஸில் முழு டாலர் விலை கொடுத்து வாங்கியது சேலையூரில் வேலை செய்யக் கூடாது என்பதற்கு இந்த வாதம் பொருந்தாது. அங்கே யாரும் மலிவாக எதையும் தட்டிச் செல்லவில்லை. வாங்கும் முன் போடும் பூட்டு வேறு, வாங்கிய பின் போடும் பூட்டு வேறு. முதலாவது வியாபாரம். இரண்டாவது, விற்ற பொருளின் மேல் இன்னும் கை வைத்திருப்பது.

பூட்டு தளர்ந்த கதைகள்

இதெல்லாம் தலையெழுத்து, மாற்ற முடியாது என்பதும் உண்மையில்லை. மூன்று உதாரணங்கள்.

ஒன்று, 2013. எக்ஸ்பாக்ஸ் ஒன் வருவதற்கு முன், அது முதலில் 21 நாடுகளில் மட்டுமே இயங்கும், 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இன்டர்நெட்டில் தலைகாட்ட வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அந்த 21இல் இந்தியா இல்லை. உலகம் முழுக்க எழுந்த எதிர்ப்பில், ஜூன் மாதமே இரண்டு விதிகளையும் கைவிட்டது. தொழில்நுட்பம் அதே, மாறியது முடிவு மட்டும்.

இரண்டு, 2024 மே. ஹெல்டைவர்ஸ் 2 என்ற கேமை கம்ப்யூட்டரில் ஆடுபவர்களும் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் அக்கவுண்டை இணைத்தே ஆக வேண்டும் என்று சோனி சொன்னது. அந்தச் சேவை அதிகாரப்பூர்வமாக இல்லாத நாடுகள் 170க்கும் மேல். இலங்கையும் அதில் ஒன்று. யாழ்ப்பாணத்தில் காசு கொடுத்து வாங்கி மாதக்கணக்கில் ஆடிக்கொண்டிருந்தவர், தன் தவறு எதுவும் இல்லாமல் வெளியே நிற்கும் நிலை. ஸ்டீமில் எதிர்மறை விமர்சனங்கள் குவிந்தன. சில நாட்களில் சோனி பின்வாங்கியது.

மூன்று, சட்டம். 2021 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையம், ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்துக்கும் கேப்காம், பண்டாய் நாம்கோ உள்ளிட்ட ஐந்து வெளியீட்டாளர்களுக்கும் மொத்தம் 78 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. ஓர் ஐரோப்பிய நாட்டில் வாங்கிய கேமை இன்னொரு ஐரோப்பிய நாட்டில் ஆக்டிவேட் செய்ய முடியாதபடி பூட்டியதுதான் குற்றம். காப்புரிமையைக் காக்கத்தான் பூட்டினோம் என்ற வால்வின் வாதத்தை, 2023 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் ஏற்கவில்லை.

நம்ம ஊரில் என்ன செய்யலாம்?

இந்தியாவுக்கு ஐரோப்பா போன்ற பொதுச் சந்தை இல்லை. அதே சட்டத்தை அப்படியே எடுத்து ஒட்ட முடியாது. ஆனால் பூட்டை உடைப்பதற்கு முன் ஒரு சின்ன வேலை இருக்கிறது: பூட்டு இருப்பதைச் சொல்ல வைப்பது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வாங்கும் பொருளின் தரம், அளவு, விலை பற்றிய விவரங்களைத் தெரிந்துகொள்வதை நுகர்வோரின் உரிமை என்கிறது. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி, இங்கே விற்கப்படும் இறக்குமதிப் பொட்டலத்தில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை எல்லாம் இருக்க வேண்டும். பிஸ்கட் பாக்கெட்டுக்கே இது பொருந்தும். வீடியோ கேம் இயந்திரங்கள் 2012ஆம் ஆண்டின் கட்டாயப் பதிவு ஆணையின் முதல் பட்டியலிலேயே உண்டு. பிஐஎஸ் பதிவு இல்லாமல் விற்பனைக்காக இறக்குமதி செய்யக் கூடாது. ஆக, மின்சாரப் பாதுகாப்பைப் பார்க்க விதி இருக்கிறது. ‘இது இங்கே முழுதாக வேலை செய்யுமா?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வைக்கும் வரி மட்டும் எங்கும் இல்லை.

இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு கேம் பெட்டியிலும், ஆன்லைன் விற்பனைப் பக்கத்திலும் மூன்று வரி போதும். எந்தப் பிராந்தியப் பதிப்பு? இந்திய அக்கவுண்டின் டிஎல்சி சேருமா? பெட்டிக்குள் முழு கேம் இருக்கிறதா, சாவி மட்டும்தானா? அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணம் 2025 முதல், டிஜிட்டல் கடைகள் ‘நீங்கள் வாங்குவது சொந்தம் அல்ல, உரிமம் மட்டுமே’ என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறது. மூன்று வரி அச்சிடுவது அதைவிடப் பெரிய காரியம் இல்லை.

அதுவரை என்ன செய்வது?

வெளிநாட்டில் இருந்து கொண்டுவரச் சொல்லும் முன் சில விஷயங்களைப் பார்த்துவிடுவது நல்லது.

முதலில் அக்கவுண்ட் எந்த நாடு என்று முடிவு செய்து, கேம்களையும் அதே பிராந்தியத்திலேயே வாங்க வேண்டும். அத்தை பையன் அமெரிக்கா, சித்தப்பா துபாய் என்று இரண்டு பக்கமும் சொல்லி வைத்தால் கலவைதான் வரும். டிஎல்சி தேவைப்படாத கேம் என்றால் கவலையில்லை, எந்த நாட்டு டிஸ்க்கும் சரி.

சார்ஜரின் பின்பக்கம் ‘100 - 240’ என்று இருக்கிறதா என்று போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லலாம். ஜப்பான் பதிப்பு என்றால் உள்ளே ஆங்கிலம் உண்டா என்று கேட்க வேண்டும். சுங்க வரம்பையும் பார்க்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் பேக்கேஜ் விதிகள் வைத்த வரியில்லா வரம்பு 50,000 ரூபாயாக இருந்தது. அது மாறக்கூடியது என்பதால், பயணத்துக்கு முன் சுங்கத்துறை இணையதளத்தை ஒருமுறை பார்ப்பது பாதுகாப்பு. வாரண்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். பழுதானால் பெட்டியும் திரும்ப விமானம் ஏற வேண்டும்.

உள்ளூர்க் கடையில் வாங்கினால் பில் கட்டாயம். இறக்குமதியாளர் ஸ்டிக்கர் இல்லாத பெட்டி என்றால், நாளை புகார் சொல்ல ஆள் இல்லை என்று அர்த்தம். ‘டிஎல்சி எல்லாம் ஓடும் சார்’ என்று கடைக்காரர் சொன்னால், அதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லலாம். சொன்னது பொய்யானால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அதுவும் பலிக்காவிட்டால், தாம்பரத்துக்காரர்கள் போக வேண்டியது செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு.

கேம்தானே, இதற்குப் போய் ஆணையமா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கலாம். 2025இல் வெளியானபோது அமெரிக்காவில் ஸ்விட்ச் 2இன் விலை 449.99 டாலர், அரை மாதச் சம்பளத்தை அதில் போடுகிற இளைஞர்கள் புறநகரில் நிறைய. தவிர, இந்தப் பூட்டு கேமோடு நிற்கப்போவதும் இல்லை. டிவி, பிரிண்டர், கார் என்று வீட்டுக்கு வரும் ஒவ்வொன்றும் இப்போது ஓர் அக்கவுண்ட் கேட்கிறது. ‘வாங்கியது நான், ஓட விடுவது யார்?’ என்ற கேள்வியை முதலில் சந்தித்தவர்கள் கேம் ஆடுகிறவர்கள், அவ்வளவுதான்.

மிக்சி வாங்கினால் எந்த ஊர் தேங்காய் என்று அது கேட்பதில்லை. காசு கொடுத்து வாங்கிய கேமும் கேட்கக் கூடாது. கேட்கத்தான் செய்யும் என்றால், அதைப் பெட்டியின் மேலேயே எழுதிவிடட்டும். டல்லஸ் கடையில் நிற்கும்போதே படித்துவிட்டு, அத்தை பையன் வேறு ஏதாவது வாங்கி வருவார்.